மேடைக்கு வந்த கலையக ஒலிவாங்கி

மேடையில் பாடுவோருக்கு ஏற்ற ஒலிவாங்கி எதுவென்று நண்பர்கள் சிலர் என்னிடம் வினவுவதுண்டு. விலைப்பட்டியலைப் பார்க்குமுன் அதன் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பாருங்கள் என்பதே நான் கூறும் விடை.

டைனமிக் ஒலிவாங்கியின் தத்துவம் எளிது. குரல் மோதும்போது மெல்லிய தகடொன்றும், அதனோடு ஒட்டிய கம்பிச்சுருளும் காந்தத்தின் நடுவே அசைகின்றன. அங்கேயே மின் பிறக்கிறது. வெளியிலிருந்து மின்னூட்டம் வேண்டியதில்லை. 1931இல் வென்ட், துராஸ் ஆகிய இருவரின் ஆக்கத்தை வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆயினும் அது எத்திசை ஒலியையும் ஏற்றது. ஒலிபெருக்கியின் ஒலி மீண்டும் ஒலிவாங்கிக்குள் புகுந்தால் மண்டபமே அலறும் என்பதை யாவரும் அறிவர்.

அதற்குப் பரிகாரம் கண்டவர் சிக்காகோவின் ஷூர் நிறுவனப் பொறியியலாளர் பெஞ்சமின் பவர். பின்புறத்து ஒலி தகட்டின் இரு பக்கங்களையும் ஒருங்கே அடைந்து தன்னைத்தானே அழித்துக்கொள்ளுமாறு அவர் வழிசெய்தார். 1939இல் வெளிவந்த அந்த யூனிடைன், ஒற்றை உறுப்பினாலேயே ஒரு திசையை மட்டும் கேட்டது. அதே நிறுவனத்தின் ஏர்னி சீலர் 1959இல் அதனைச் சிறிதாக்கினார். அதிலிருந்தே 1965இல் எஸ்எம்57, 1966இல் எஸ்எம்58 என்பன பிறந்தன.

எஸ்எம் என்பது 'கலையக ஒலிவாங்கி' என்பதன் சுருக்கம். தொலைக்காட்சி விளக்கொளியில் மினுங்காத சாம்பல் நிறம் பூசி, தவறுதலாக அணைந்துவிடாதிருக்க ஆளியையும் தவிர்த்திருந்தனர். எதிர்பார்த்த விற்பனை கிட்டவில்லை. 1970 அளவில் லாஸ் வேகாஸ் மேடைகளுக்குக் கொண்டுசென்ற பின்னரே அதன் காலம் பிறந்தது.

இங்கேதான் தெரிவுக்கான பாடம் இருக்கிறது. மனிதச் செவி 20,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கக்கூடியது; எஸ்எம்58 கேட்பதோ 50 முதல் 15,000 வரையே. நுண்மையில் கண்டென்சர் வகை அதனை விஞ்சும். ஆனால் மேடைக்கு வேண்டியது அனைத்தையும் கேட்கும் செவியன்று. வேண்டாததைக் கேளாதிருக்கும் செவி.

ஆகவே, வாங்குமுன் அது எத்திசைக்குச் செவிடு என்று கேளுங்கள். கார்டியோயிட் வகையாயின் பாடகருக்கான ஒலிபெருக்கியை நேர் பின்னால் வையுங்கள். சூப்பர் கார்டியோயிட் எனின் பின்புறத்தின் இரு ஓரங்களே பொருத்தமானவை. வலைத் தலையை உள்ளங்கையால் பொத்திப் பாடுவோர், பவர் திறந்துவைத்த பின்வழியை அடைத்து அலறலைத் தாமே அழைக்கின்றனர்.

கடையின் அமைதியில் இனிக்கும் கருவியை நம்பாதீர்கள். உங்கள் குரலில், கச்சேரிக்குரிய சத்தத்தில் பாடிப் பார்த்தே தீர்மானியுங்கள். பெயர் பெற்ற ஒலிவாங்கியைவிட உங்கள் குரலுக்கு இசைந்த ஒலிவாங்கியே மேலானது.