பிங்க் பாந்தர் கொள்ளையர்

பால்கன் தீபகற்பத்தில், விசேஷமாக ஸெர்பியாவிலும் மாண்டினீக்ரோவிலும் தோன்றி, ஐரோப்பிய நகரங்களிலும் டோக்கியோ, துபாய் போன்ற தூர தேசத்து நகரங்களிலும் உயர்ரக நகைக்கடைகளை ஆயுத பலத்தால் சூறையாடிய கூட்டங்களுக்குப் பிங்க் பாந்தர் கொள்ளையர் என்பது பொதுப் பெயராக வழங்குகிறது. 1999 முதல் 2015 வரையிலான காலத்தில் ஏறத்தாழ 380 கொள்ளைகளை, 33 கோடி யூரோவுக்கும் அதிகமான நஷ்டத்தோடு, சர்வதேசப் போலீஸ் ஸ்தாபனமான இன்டர்போல் இவர்கள் கணக்கில் சேர்த்திருக்கிறது.

இப்பெயர் அவர்கள் தாமே சூட்டிக்கொண்டதன்று. 2003 மே மாதத்தில் லண்டன் நியூ பாண்ட் தெருவிலுள்ள கிராஃப் வைரக்கடையில், 2 கோடியே 30 லட்சம் பவுண்டு பெறுமானமுள்ள ஆபரணங்கள் சில நிமிஷங்களில் கொள்ளை போயின. விசாரணையின்போது போலீசார் நீல வைர மோதிரமொன்றை முகப்பூச்சுக் களிம்புப் புட்டிக்குள்ளிருந்து கண்டெடுக்கவே, 1975இல் வெளியான பிங்க் பாந்தர் வரிசைத் திரைப்படம் ஒன்றில் இதே உபாயம் வருவதை நினைவுகூர்ந்த பத்திரிகைகள் அப்பெயரை இவர்கள்மேல் ஒட்டிவிட்டன. ஹாஸ்யப் படத்தின் பெயர் ஒட்டியதனால் ஜனங்கள் இக்குற்றங்களை ஒருவித வேடிக்கையாகவே பாவிக்கத் தலைப்பட்டார்கள் என்பது வருந்தத்தக்கது.

இவர்களுடைய உற்பத்தியை ஆராயப் புகுவோர் யுகோஸ்லாவியாவின் சிதைவிலிருந்துதான் தொடங்கவேண்டும். 1991இல் யுத்தம் மூண்டு, 1992 மே மாதத்தில் ஐக்கிய நாடுகள் சபை ஸெர்பியாவையும் மாண்டினீக்ரோவையும் உள்ளடக்கிய தேசத்தின்மீது வர்த்தகத் தடை விதித்தபின், பெட்ரோலும் சிகரெட்டும் கள்ளத்தனமாகவே எல்லை தாண்டி வந்தன; அந்தக் கடத்தலைக் கண்டும் காணாமலும் விட்டதோடு நில்லாமல், அரசாங்கத்தைச் சேர்ந்தோரே அதில் பங்கு கொண்டனர். 1994 ஜனவரியில் விலைவாசி ஏறக்குறைய ஒன்றரை நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாயிற்றென்றால், மாதச் சம்பளத்தை நம்பி ஜீவித்த குடும்பங்களின் கதியை ஊகித்துக்கொள்ளலாம். மாண்டினீக்ரோவின் பழைய ராஜதானியாகிய செட்டினியேயில், குளிர்சாதனப் பெட்டிகள் செய்து ஊருக்கே சோறு போட்ட ஓபோட் தொழிற்சாலை க்ஷீணித்துப் போயிற்று. அவ்வூரும் ஸெர்பியாவின் தென்பகுதியிலுள்ள நீஷ் நகரமும் இக்கூட்டங்களுக்கு ஆள் தந்த ஊர்களாகப் பின்னாளில் பிரசித்தமடைந்தது தற்செயலன்று. எனினும், அதே வறுமையை அனுபவித்தும் நேர்மை பிறழாதிருந்த லக்ஷக்கணக்கான மக்களை மறந்து, துன்பமே இவர்களைத் திருடராக்கிற்று என்று முடித்துவிடுவது அவர்களுக்கு இழைக்கும் அநீதியாகும்.

ஒரே தலைவனுக்குக் கட்டுப்பட்ட சேனைபோல இவர்களை எண்ணுவது பிழை. சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து, ஒரு குழுவில் உள்ளோர் மற்றொரு குழுவினரை அறியாதபடி இயங்கியதே இவர்களின் பலம். தனவந்தர்போல் உடுத்திய ஒருவர், பெரும்பாலும் ஒரு பெண், முன்கூட்டியே கடைக்குச் சென்று கண்ணாடிப் பேழைகளின் அமைப்பையும் காவலரின் வழக்கத்தையும் கவனித்து வருவார். வேறொருவன் வாகனங்களைச் சேகரிப்பான். துப்பாக்கியும் சம்மட்டியும் ஏந்திப் புகுவோர் இரண்டு மூன்று நிமிஷங்களுக்குமேல் உள்ளே தங்குவதில்லை. பிரான்சின் பியாரிட்ஸ் நகரில், கடைக்கெதிரே இருந்த பெஞ்சில் எவரும் அமர்ந்து பார்த்துவிடக்கூடாதென்று அதற்குப் புது வர்ணம் பூசி வைத்தார்களாம். 2005இல் ஸான் த்ரோப்பேயில் பூப்போட்ட சட்டைகளோடு உல்லாசப் பிரயாணிகளைப்போல் வந்து கொள்ளையிட்டவர்கள் விசைப்படகிலேறி மறைந்தனர். 2007இல் துபாயின் வாஃபி அங்காடிக்குள் இரண்டு ஆடி கார்களையே கண்ணாடிக் கதவுகளை உடைத்துக்கொண்டு ஓட்டிச்சென்றனர்; தடயம் அழியவேண்டுமென்று அவர்கள் பின்னர் எரித்துவிட்ட அக்கார்களிலிருந்தே மரபணுச் சான்று கிடைத்தது.

கொள்ளையினும் முக்கியமானது அதன் பின்நிகழும் வர்த்தகம். பிரபலமான ஆபரணத்தை அப்படியே விற்க இயலாதாகையால், தங்கத்தை உருக்கி, கற்களைக் கழற்றி, பெரிய வைரங்களை மறுபடி பட்டைதீட்டி அடையாளம் போக்குவார்கள். 2003இல் நடைமுறைக்கு வந்த கிம்பர்லி சான்றிதழ் ஏற்பாடு பட்டைதீட்டாத கற்களையே கட்டுப்படுத்துவது. தீட்டிய கல்லின் பூர்வோத்தரத்தை அது கேட்பதில்லை. எடை குறைந்தாலும் சொந்தக்காரனின் அடையாளம் அகன்றுவிட்ட கல், வாங்குவோன் வினவாதவரையில், நியாயமான சரக்காகவே கைமாறுகிறது. துப்பாக்கி ஏந்தியவனுக்குக் கிட்டுவது மதிப்பில் ஓர் அற்பப் பங்கு. கேள்வி கேளாமல் வாங்கும் இடைத்தரகர்களே பெரும்பங்கை அனுபவிக்கிறார்கள். திருட்டுப் பொருளென்று அறிந்தும் விலை கொடுப்பவன், முகமூடி அணிந்தவனுக்கு எவ்விதத்திலும் குறைந்த குற்றவாளியல்லன் என்பதே இக்கட்டுரையாசிரியரின் திடமான அபிப்பிராயம்.

2007இல் இன்டர்போல் இக்கூட்டங்களுக்கென்றே தனித்திட்டம் வகுத்து, பல நாட்டுப் போலீசாரிடமிருந்த கைரேகைகளையும் புகைப்படங்களையும் மரபணுக் குறிப்புகளையும் ஒப்புநோக்க வழிசெய்தது. அதன் பயனாகப் பலர் பிடிபட்டுத் தண்டனை பெற்றனர். ஆயினும் பெரிய கொள்ளை எதுவாயினும் இவர்கள் தலையிலேயே சுமத்தும் வழக்கமும் கூடவே வளர்ந்தது. 2008 டிசம்பரில், பெண் வேஷம் தரித்தவர்கள் பாரிஸில் ஹாரி வின்ஸ்டன் கடையைக் கொள்ளையிட்டபோது சந்தேகம் முதலில் பால்கன் பக்கமே திரும்பிற்று. 2015இல் பாரிஸ் நீதிமன்றம் அவ்வழக்கில் தண்டித்ததோ உள்ளூர்க் கூட்டத்தாரை.

இரத்தம் சிந்தாத கனவான்களாக இவர்களைப் புகழ்ந்து எழுதியோர் பலர். துப்பாக்கி முனையில் தரையில் குப்புறக் கிடந்த கடைச் சிப்பந்திகளைப்பற்றி அவர்கள் எழுதியது சொற்பம். காப்புறுதி நிறுவனம் முதலாளியின் நஷ்டத்தை ஈடுகட்டுமேயன்றி, அச்சிப்பந்திகளின் அச்சத்தை ஈடுகட்டுவதில்லை.

2004 மார்ச் மாதத்தில் டோக்கியோவின் கின்ஸா வட்டாரத்துக் கடையொன்றில் இக்கொள்ளையர், சிப்பந்திகளின் கண்களில் எரிச்சலூட்டும் வாயுவைத் தெளித்துவிட்டு, 116 வைரங்கள் பதித்த கோம்தெஸ் த வாந்தோம் என்னும் கண்டஹாரத்தைக் கவர்ந்து சென்றார்கள். கவர்ந்தவர்களில் சிலர் சிறை சென்றனர், ஹாரம் மீட்கப்படவில்லை.