கட்டங்களை எழுத்தாக்கிய தேனீ

ஐப்பசி மழை இறங்கிவிட்டால் மரக்காணம் உப்பளத்தில் வேலை கிடையாது. பாத்திகள் மழைநீரில் மூழ்கிக் கிடக்கும். அள்ளிக் குவித்த அம்பாரங்களின் மேல் கீற்று மூடியிருக்கும். இந்த மாதங்களுக்கென அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணம், நலவாரிய அட்டை, பட்டா விவகாரம் என்று எதற்காவது மனு கொடுக்க வேண்டுமானால் ஜனங்கள் நேராக டி.டி.பி. கடைக்குத்தான் போவார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக ஊருக்கு ஊர் அப்படிக் கடைகள் உண்டு. அவற்றில் பலவற்றில் இன்னமும் பழைய விண்டோஸ் எக்ஸ்பி ஓடுகிறது, அதற்குள் பேஜ்மேக்கர், அதற்குள் ஏதோ ஒரு பழைய தமிழ் ஃபாண்ட்.

மனு அச்சில் நன்றாகவே வந்துவிடும். அதே கோப்பை அப்படியே இன்னொருவருக்கு அனுப்பினால்தான் சிக்கல். பாமினி எழுத்துருவில் அடித்த ‘தமிழ்’ என்ற சொல், அந்த எழுத்துரு இல்லாத கருவியில் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி என்று ஐந்து ஆங்கிலக் குறிகளாக நிற்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று பதறுவார்கள். கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குள் முதலிலிருந்தே தமிழ் இருந்ததில்லை, அவ்வளவுதான்.

தமிழ் இல்லாத கணினிக்குள் தமிழை வரவழைக்க எத்தனையோ பேர் எத்தனையோ வழி பார்த்தார்கள். அவற்றில் ஒரு சின்ன வேலைக்குத் ‘தேனீ’ என்று பெயர். விண்டோஸ் 98 வைத்திருந்தவர்களைக் கைவிடக்கூடாது என்பதற்காகவே பிறந்த எழுத்துரு அது.

விண்டோஸ் 95, 98 ஆகியவை டாஸ் வழியில் வந்தவை. ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்பது அவற்றின் கணக்கு. ஒரு பைட்டில் 256 இடங்கள்தான் இருக்கும். முதல் பாதி ஆங்கிலத்துக்கும் கட்டளைக் குறிகளுக்கும் போய்விடும். மறு பாதியை ஐரோப்பிய மொழிகளின் எழுத்துகள் பிடித்துக்கொண்டன. தமிழுக்கு வீடு ஒதுக்கப்படவில்லை. ஆகவே தமிழ் அடுத்தவர் வீட்டில் குடியேறியது. ஆங்கில ‘ஜே’ இருக்கும் இடத்தில் ‘த’ என்ற உருவத்தை வரைந்து வைத்தால், கணினி அதை ஜே என்றே நினைத்துக்கொள்ளும். பார்ப்பவர் கண்ணுக்குத் ‘த’ தெரியும்.

இந்த வழியில் அரிய வேலைகள் நடந்தன. கனடாவில் கி. சீனிவாசன் டாஸ் காலத்திலேயே ‘ஆதமி’ செய்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு அஞ்சல்’ உருவாக்கினார். சுவிட்சர்லாந்தின் லோசானில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவை இலவசமாகக் கொடுத்தார். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளில் இணையமேறியபோது தமிழை ஏற்றியவர் நா. கோவிந்தசாமி. தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் ‘வானவில்’ பரவியது, ஈழத்திலும் புலம்பெயர்ந்த தமிழரிடமும் பாமினி பரவியது, அச்சகங்களில் ஸ்ரீலிபி.

ஆனால் ஒருவர் ‘த’வை வைத்த இடத்தில் இன்னொருவர் ‘ம’வை வைத்திருந்தார். இதனால் முரசில் அடித்ததை மயிலையில் படிக்க முடியாது. இணையத்தில் ஒவ்வொரு பத்திரிகையும் தன் ஃபாண்டைத் தானே வைத்துக்கொண்டது. தேடுபொறிக்கு இவை எதுவுமே தமிழாகத் தெரியவில்லை.

ஒன்றுபடுத்தப் பார்த்தார்கள். உலகெங்கும் இருந்த ஆர்வலர்கள் மின்னஞ்சலில் வாதாடி, எந்த இடத்தில் எந்த எழுத்து என்று வரையறுக்கும் ‘டிஸ்கி’ குறியேற்றத்தை வகுத்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டிலிருந்து டாம், டாப் என இரண்டு குறியேற்றங்களும் தமிழ் 99 விசைப்பலகையும் வந்தன. விசைப்பலகை நிலைத்தது. குறியேற்றங்களோ இருக்கிற கும்பலில் மேலும் இரண்டாகச் சேர்ந்தன.

நிரந்தர வீடு வேறிடத்தில் ஏற்கெனவே கட்டப்பட்டிருந்தது. உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி இடம் தரும் யுனிகோடு 1991-இல் வந்தபோதே அதில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி இருந்தது. 2000-ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 2000-தான் ‘லதா’ என்ற யுனிகோடு தமிழ் எழுத்துருவைத் தன்னோடு கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு வந்த எக்ஸ்பியிலும் லதா இருந்தது.

இனிச் சிக்கல் தீர்ந்தது என்றே எவரும் நினைப்பார்கள். ஆனால் 2003, 2004-இல் தமிழர்கள் எந்தக் கம்ப்யூட்டரில் படித்துக்கொண்டிருந்தார்கள்? அப்போது சிற்றூர்களில் இணையம் என்றால் பிரவுசிங் சென்டர்; அங்கே விண்டோஸ் 98 வெகு சாதாரணம். எக்ஸ்பி இருந்தாலும், தமிழ் ஒழுங்காகத் தெரிய மொழி அமைப்புக்குள் போய் ஒரு கட்டத்தில் டிக் செய்ய வேண்டும். உடனே அது விண்டோஸ் சிடியைப் போடச் சொல்லும். அந்தச் சிடிக்கு எங்கே போவது? மணிக் கணக்குக்குக் காசு கொடுத்து உட்கார்ந்திருப்பவரை எழுத்துரு நிறுவக் கடைக்காரர் விடவும் மாட்டார்.

அதே ஆண்டுகளில்தான் தமிழில் வலைப்பதிவுகள் பெருகின. 2004-இல் காசி ஆறுமுகம் தொடங்கிய ‘தமிழ்மணம்’ அவற்றை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டியது. பதிவர்கள் யுனிகோடுக்கு மாறத் தயங்கவில்லை. தயக்கம் வாசகர் பக்கத்திலிருந்து வந்தது: “நீங்கள் எழுதியது எனக்குக் கட்டம் கட்டமாகத் தெரிகிறது.”

இந்தக் கட்டத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும், கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. பழைய விண்டோஸில் யுனிகோடு தமிழ் இரண்டு விதமாகக் கெடும். ஒன்று கேள்விக்குறி. நோட்பேட் போன்ற பழைய செயலியில் ஒட்டினால், தன் 256 இடங்களில் இல்லாத எழுத்தையெல்லாம் அது கேள்விக்குறியாக மாற்றிச் சேமித்துவிடும். அப்படிப் போன எழுத்து போனதுதான், மீட்க வழியில்லை. மற்றது கட்டம். எழுத்து பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது, அதை வரைந்து காட்ட ஆள் இல்லை என்பதே அதன் பொருள். கேள்விக்குறி சாவு என்றால் கட்டம் வெறும் மயக்கம். தண்ணீர் தெளித்தால் எழுந்துவிடும்.

இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் 5-க்குப் பிந்தைய பதிப்புகள் விண்டோஸ் 98-க்குள் ஒரு சாமானைக் கூடவே கொண்டுவந்தன. யுனிஸ்கிரைப் என்பது அதன் பெயர். ‘கொ’ என்ற எழுத்து யுனிகோடில் ககரமும் அதன்பின் ஓர் உயிர்க்குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. திரையிலோ கொம்பு முன்னே வரவேண்டும், கால் பின்னே வரவேண்டும். அந்த இடமாற்றத்தைச் செய்து தருவதுதான் யுனிஸ்கிரைப். அதாவது, உலாவி வரைக்கும் வந்த தமிழ் கெடவில்லை. கொம்பையும் காலையும் ஒழுங்குபடுத்த ஆளும் இருந்தது. குறைந்தது ஓர் எழுத்துரு மட்டுமே.

அந்த ஒற்றைக் குறையை நிரப்பியவர் உமர்தம்பி. தஞ்சை மாவட்டத்துக் கடற்கரையில், மரக்காணத்தைப் போலவே உப்பளங்கள் சூழ்ந்த அதிராம்பட்டினத்துக்காரர். வளைகுடாவில் பல காலம் வேலை பார்த்தவர். யுனிகோடு எழுத்துரு செய்தார். தட்டச்சுக்கும் குறியேற்ற மாற்றத்துக்கும் சிறுசிறு செயலிகள் எழுதினார். எல்லாவற்றையும் காசு வாங்காமல் கொடுத்தார்.

வாசகரால் எழுத்துருவை நிறுவ முடியாது என்றால், பக்கமே அதைத் தூக்கிக்கொண்டு வரட்டும். இதுதான் தேனீக்குப் பின்னால் இருந்த யோசனை. இந்த உத்தி புதிதல்ல. எழுத்துருவைச் சுருக்கி ஒரு கோப்பாக்கித் தளத்தில் வைத்தால், பக்கம் திறக்கும்போது உலாவி அதைத் தற்காலிகமாக இறக்கிக்கொள்ளும். அப்படிச் சுருக்கித் தரும் ‘வெஃப்ட்’ என்ற கருவியை மைக்ரோசாஃப்டே இலவசமாகக் கொடுத்துவந்தது. தமிழில் இதற்கு இயங்கு எழுத்துரு என்று பெயர் வந்தது. பத்திரிகைத் தளங்கள் தத்தம் சொந்தக் குறியேற்றத்தை வைத்துக்கொண்டு இதைச் செய்துவந்தன. உமர்தம்பி அதே உத்தியில் யுனிகோடை ஏற்றினார். எக்ஸ்பி வைத்திருந்தவர் லதாவில் படித்தார். 98 வைத்திருந்தவர் தேனீயில் படித்தார். இருவருக்கும் போய்ச் சேர்ந்தது ஒரே பக்கம், ஒரே தமிழ். தேடுபொறிக்கும் அது தமிழாகவே தெரிந்தது. பதிவர் செய்யவேண்டியதெல்லாம் வார்ப்புருவில் சில வரிகளைச் சேர்ப்பது மட்டுமே.

படிக்க வழி பிறந்தது. எழுத? விண்டோஸ் 98-இன் நோட்பேடில் யுனிகோடு அடிக்க வழியில்லை. அதற்கும் உலாவியே கைகொடுத்தது. ஜெர்மனியில் வசித்த ஈழத்தமிழர் சுரதா யாழ்வாணன், உலாவிக்குள்ளேயே இயங்கும் தட்டச்சுப் பக்கத்தையும், பழைய குறியேற்றங்களை யுனிகோடாக்கும் ‘பொங்குதமிழ்’ மாற்றியையும் எழுதிக் கொடுத்தார். அங்கே அடித்து, வெட்டி, பதிவுப் பெட்டியில் ஒட்டினால் வேலை முடிந்தது. தமிழ் எழுத்து கடைசிவரை அந்தப் பழைய விண்டோஸின் கையில் சிக்காமல் உலாவிக்குள்ளேயே பிறந்து உலாவி வழியாகவே வெளியேறியது.

பழைய இயங்குதளத்துக்கு மென்பொருள் எழுதுவது ஒரு முறையோடு முடிகிற காரியமல்ல. வெஃப்ட் செய்துதரும் எழுத்துருக் கோப்பை இன்ன தளத்தில் மட்டுமே இயங்கும்படி முகவரியோடு பூட்டலாம். அப்படிப் பூட்டினால் தளம் மாறும்போதெல்லாம் புதிதாகச் செய்ய வேண்டும். அந்த வடிவத்தை இன்டர்நெட் எக்ஸ்புளோரர் தவிர வேறு உலாவி ஏற்கவில்லை. 2004 நவம்பரில் ஃபயர்பாக்ஸ் வந்து பலர் அதற்குத் தாவியதும் இயங்கு எழுத்துரு அங்கே செல்லாக்காசாயிற்று. போதாததற்கு, பத்தியின் இரு ஓரமும் சமமாக நிற்கும்படி அமைத்த பக்கங்களில் அன்றைய ஃபயர்பாக்ஸ் தமிழை உடைத்துக் கொம்பு வேறு, எழுத்து வேறு என்று சிதறடித்தது. “ஓரத்தைச் சமன் செய்யாதீர்கள்” என்று பதிவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. உலாவியும் இயங்குதளமும் ஒரு படி நகர்ந்தால், ஓட்டுப்போட்டு நிறுத்தியிருந்த இடமெல்லாம் மறுபடி ஒழுகும்.

2006 ஜூலை 11-இல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 98-ஐக் கைகழுவியது. அன்றோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. அதே ஜூலையில், 53 வயதில், உமர்தம்பி காலமானார். அவர் யாருக்காக உழைத்தாரோ அந்த வாசகர்கள் ஒவ்வொருவராகப் புதிய கணினிக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு யுனிகோடையும் டேஸ் 16-ஐயும் அரசின் குறியேற்றங்களாக ஏற்று ஆணையிட்டது. அதே மாதம் கோவையில் நடந்த செம்மொழி மாநாட்டையொட்டிய இணைய அரங்கு ஒன்றுக்கு உமர்தம்பியின் பெயர் சூட்டப்பட்டது.

தேனீ இன்று வேண்டியதில்லை. ஆனால் அதன் யோசனை உலகம் முழுவதும் ஓடுகிறது. எழுத்துருவைப் பக்கத்தோடு அனுப்பும் முறைக்கு ‘வோஃப்’ என்ற பொது வடிவம் உருவாகி, 2012-இல் இணையத் தர அமைப்பின் பரிந்துரையானது. இப்போது அது எல்லா உலாவிகளிலும் ஓடுகிறது.

தீராமல் நிற்பது மேசைக் கணினியின் கணக்கு. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7, 2001-இல் வந்தது. யுனிகோடு தமிழை அதற்கு அமைக்கத் தெரியாது. இன்டிசைனே 2012-இன் சிஎஸ் 6 பதிப்பில்தான் இந்திய எழுத்துகளை முறையாகக் கையாள ஆரம்பித்தது. அதற்குள் பல ஆண்டுகளின் அழைப்பிதழ்களும் புத்தகங்களும் மனுக்களும் பழைய குறியேற்றத்தில் குவிந்துவிட்டன. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலேயே ஆதரவு நின்றுவிட்டது. ஆனாலும் டி.டி.பி. கடைக்காரர் அதை விடாமல் இருப்பதைச் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. அவருடைய வாடிக்கையாளரின் பழைய கோப்புகளைத் திறக்கும் ஒரே சாவி அந்தப் பெட்டியில் இருக்கிறது.

இதற்கும் வழி உண்டு. 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம், டிஸ்கியில் ஏற்றியிருந்த தன் இலக்கியக் களஞ்சியத்தைப் பின்னர் யுனிகோடுக்கு மாற்றிக்கொண்டது. நியூ ஹொரைசன் மீடியா கொடுத்த என்.எச்.எம். மாற்றி, சுரதாவின் பொங்குதமிழ், பைத்தானில் எழுதிய திறமூல நிரல்கள் எல்லாம் இதற்கென்றே இருக்கின்றன. மாற்றிக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்று: கோப்பு எந்த எழுத்துருவில் அடிக்கப்பட்டது என்பது. கோப்பின் பெயரோடு எழுத்துருவின் பெயரையும் சேர்த்து எழுதிவைப்பதற்கு எந்த ஆணையும் தேவையில்லை.

தரத்தை வகுப்பதற்குக் குழுக்கள் வேண்டும். வகுத்த தரம் ஜனங்களிடம் போய்ச்சேர, “புதுக் கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டு வா” என்று சொல்லாத ஒருவரும் வேண்டும். யுனிகோடு தமிழ் பிழைத்ததில் அந்த இரண்டாவது வகையினருக்குப் பாதிப் பங்கு உண்டு. அந்தக் கணக்கு இன்னும் முழுசாக எழுதப்படவில்லை.