மூளையில் ஒரு நொதியைத் தேடிய கதை

1817ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் நடுக்குவாதத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். கை நடுங்குவதையும் நடை தளர்வதையும் அவர் நுட்பமாக விவரித்தார். ஆயினும் காரணம் புலப்படவில்லை. 1960இல்தான், வியன்னாவில் ஏரிங்கர், ஹோர்னிக்கீவிச் என்னும் இருவர், இந்நோயாளிகளின் மூளையில் டோபமைன் என்னும் இரசாயனப் பொருள் மிகக் குறைந்திருப்பதை நிறுவினர்.

டோபமைன் எவ்வாறு உண்டாகிறது? 1964இல் அமெரிக்காவில் நாகட்சு, லெவிட், உடன்ஃபிரண்ட் ஆகியோர் டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் என்னும் நொதியைக் கண்டறிந்தனர். டைரோசின் என்னும் அமினோ அமிலத்தை டோப்பாவாக மாற்றுவது இதுவே. பின்னர் வேறொரு நொதி அதனை டோபமைன் ஆக்குகிறது.

இனி எழுந்த வினா, இந்நொதி எந்த உயிரணுக்களில் உறைகிறது என்பது. மூளையை அரைத்துச் சோதித்தால் அளவு தெரியும், இடம் தெரியாது. ஊரிலுள்ள வீடுகளையெல்லாம் இடித்துக் குவித்துவிட்டு, எந்த வீட்டில் விளக்கு எரிந்தது என்று கேட்பதற்கு அது ஒப்பாகும்.

இங்கே உதவ வந்தது உடலின் காவற்படை. அன்னியப் பொருள் உட்புகின், அதனைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் தோன்றும். இந்நச்சுமுறிவு ஆற்றலை 1890இல் பெர்லினில் பேரிங்கும் கிட்டசாட்டோவும் காட்டினர். 1941இல் ஆல்பர்ட் கூன்ஸ் எதிர்ப்பொருளோடு ஒளிரும் சாயத்தை இணைத்தார். காவலனின் கையில் விளக்கும் வந்தது!

தூய நொதியை முயல் போன்ற பிராணிக்குச் செலுத்தினால், அந்நொதிக்குரிய எதிர்ப்பொருள் கிடைக்கும். அதனை மூளையின் மெல்லிய சீவலில் இட்டால், நொதி உள்ள இடத்தில் ஒட்டிக்கொள்ளும். 1975இல் நியூயார்க்கில் பிக்கெல், ஜோ, ரீஸ் ஆகியோர் இம்முறையால் டைரோசின் ஹைட்ராக்சிலேஸின் இருப்பிடத்தை எலெக்ட்ரான் நுண்ணோக்கியிலேயே கண்டனர். அதே ஆண்டில் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும், ஒரே வகை எதிர்ப்பொருளை ஓயாது சுரக்கும் கலப்பு உயிரணுக்களை உருவாக்கினர். 1984இல் நோபல் பரிசு பெற்றனர்.

ஆனால் மாணவர்கள் ஒன்றை மறத்தலாகாது. எதிர்ப்பொருள் ஒரு சாட்சி. அது சில வேளை உருவில் ஒத்த வேறு பொருளையும் பற்றிக்கொள்ளும். அந்நொதியே இல்லாத திசுவிலும் நிறம் தோன்றுமாயின், அச்சாட்சி பொய் உரைக்கிறது. நடுக்குவாதத்தில் எத்தனை உயிரணுக்கள் மடிந்தன, ஒரு மருந்து எத்தனையைக் காத்தது என்னும் கணக்கு, இந்நிறத்தை நம்பியே எழுதப்படுகிறது. ஆதலின், சாட்சியை முதலில் விசாரித்துப் பின்னரே அதன் சொல்லை ஏற்பது விஞ்ஞானியின் கடமையாகும்.