கண்ணப்பர் வரலாறு: காப்பியமும் திரையும்

முன்னுரை

வாய்மொழியிலும் ஏட்டிலும் வழங்கும் பழங்கதை திரைக்குச் செல்லும்போது அதன் மையப்பொருளே மாறிவிடுதல் உண்டு. திருக்காளத்தியில் வழிபட்ட வேடராகிய கண்ணப்பரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இத்தலம் 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் அடங்கியுள்ளது. இவ்வரலாற்றின் 1954ஆம் ஆண்டுத் திரைவடிவத்தைப் பெரியபுராணத்தோடு ஒப்பிட்டு நோக்குவதாக இக்கட்டுரை அமைகிறது.

இலக்கிய மரபு

பதினோராந் திருமுறையில் நக்கீரதேவ நாயனார், கல்லாடதேவ நாயனார் ஆகிய இருவரும் இவ்வரலாற்றைத் தனித்தனியே பாடியுள்ளனர். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அதனை விரித்துரைத்தார். தெலுங்கில் 16ஆம் நூற்றாண்டுப் புலவர் தூர்ஜடி காளத்தித் தலபுராணத்தின் ஒரு பகுதியாக இதனை அமைத்தார்.

திரைவடிவம்

குப்பி வீரண்ணாவின் நாடகக் குழுவோடு தொடர்புடைய நிறுவனம் ஏவி.எம். துணையுடன் தயாரித்த 'பேடர கண்ணப்ப' என்னும் கன்னடப் படம் 1954இல் வெளிவந்தது. எச்.எல்.என். சிம்ஹா இயக்கிய இப்படத்தில் ராஜ்குமார் முதன்முறையாகக் கதைத்தலைவராக நடித்தார். அதே ஆண்டில் அவரே நடிக்க, 'காளஹஸ்தி மஹாத்யம்' என்னும் தெலுங்கு வடிவமும் வந்தது. கன்னடத் தலைப்பு அடியவரை முன்னிறுத்த, தெலுங்குத் தலைப்பு தூர்ஜடி வழியில் தலத்தை முன்னிறுத்துகிறது.

மாற்றங்கள்

காப்பியத்தில் திண்ணனாருக்கு மனைவி இல்லை. திரையில் நீலா என்பாள் மனைவியாகிறாள். முற்பிறவித் தவப்பயனால் விளைந்த அன்பு எனச் சேக்கிழார் கூறியிருக்க, விண்ணுலகினின்று நீக்கப்பட்டோர் வேடராய்ப் பிறந்தனர் எனத் திரை கூறுகிறது. எனினும் முதன்மையான மாற்றம் அர்ச்சகர் படைப்பிலேயே நிகழ்ந்துள்ளது. சேக்கிழாரின் சிவகோசரியார் பகைவர் அல்லர். ஆகம நெறி பிழையாத முனிவர். ஊனும் எச்சிலும் கண்டு அவர் வருந்த, இறைவன் கனவில் தோன்றி வேடரது அன்பின் பெருமையை உணர்த்துகிறான். மறைந்திருந்து காணுமாறும் பணிக்கிறான். திரையிலோ அர்ச்சகர் திண்ணன்மீது திருட்டுப்பழி சுமத்தும் தீயவராகிறார். முன்னதில் அறியாமை நீங்குகிறது. பின்னதில் தீமை தோற்கிறது.

முடிவுரை

நாடக மேடைக்கு எதிர்த்தலைவன் தேவை என்பது இம்மாற்றத்திற்கு ஒரு காரணமாகலாம். கோயிலில் தாழ்த்தப்படுவோரின் துயரை வெளிப்படுத்த இது திரைக்கு உதவியது. ஆயினும், நெறியில் நிற்பவரும் அன்பின்முன் கற்க வேண்டியது உண்டு என்னும் சேக்கிழாரின் நுட்பம் இதனால் மறைந்துவிட்டது. திரைவழி மட்டும் கண்ணப்பரை அறிவோர் சிவகோசரியாரை இழந்துவிடுகின்றனர். ஆதலின், பழங்கதைத் தழுவல்களை ஆராய்வோர் தலைமகனோடு அவன் எதிர் நிற்பவரையும் மூலத்தோடு ஒப்பிட்டுக் காணுதல் இன்றியமையாததாகும்.