நசுங்கினால்தான் வேலை: ஒரு வெள்ளை டேப்பின் கதை

பிளம்பர் பையில் ரெஞ்ச், ஹேக்ஸா, எல்போ, நிப்பிள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வெள்ளை டேப் சுருள் கிடக்கும். அரை அங்குல அகலம், தாளைவிட மெல்லிசு, பத்து இருபது ரூபாய் சாமான். நள்ளிரவில் வாஷ்பேசினுக்கு அடியில் தண்ணீர் பீய்ச்சி அடித்தாலும் சரி, காலை டிபன் நேரத்தில் ஓட்டல் சமையற்கட்டில் குழாய் கழன்றுகொண்டாலும் சரி, வந்த ஆள் முதலில் துழாவுவது இதைத்தான். கடையில் டெஃப்லான் டேப் என்று கேட்டு வாங்குகிறோம். அது டுபான்ட் நிறுவனம் வைத்த வணிகப் பெயர். சரக்கு, பி.டி.எஃப்.இ. என்னும் பிளாஸ்டிக்.

அது பிறந்தது தற்செயலாக. 1938 ஏப்ரல் 6, அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் டுபான்டின் ஜாக்சன் ஆய்வுக்கூடம். ஃபிரிட்ஜுக்குப் புது வாயு தேடிக்கொண்டிருந்த 27 வயது ராய் பிளங்கெட்டும் உதவியாளர் ஜாக் ரீபாக்கும் ஒரு சிறு சிலிண்டரின் வால்வைத் திறந்தார்கள். வாயு வரவில்லை. ஆனால் சிலிண்டரின் எடை குறையவும் இல்லை. அறுத்துப் பார்த்தபோது உள்ளே வழுவழுப்பான வெள்ளைத் தூள். வாயுவின் மூலக்கூறுகள் தாமாகவே கோத்துக்கொண்டு திடமாகியிருந்தன. அந்தத் தூள் அமிலத்துக்கு அசையவில்லை, எதோடும் ஒட்டவில்லை, 327 டிகிரி செல்சியஸ் வரை உருகவும் இல்லை.

தயாரிப்புச் செலவு அதிகம் என்பதால் சும்மா கிடந்திருக்கும். அதற்குள் உலகப் போர் வந்தது. அணுகுண்டு செய்த மன்ஹாட்டன் திட்டத்தில் யுரேனியம் ஹெக்ஸாஃப்ளூரைடு என்ற வாயுவைக் குழாய்களில் ஓட்ட வேண்டியிருந்தது. சாதாரண கேஸ்கெட்டையெல்லாம் அரித்துத் தின்னும் வாயு அது. தாக்குப்பிடித்தது பி.டி.எஃப்.இ. ஆக, இந்தப் பொருள் பார்த்த முதல் பெரிய உத்தியோகமே கசிவை அடைப்பதுதான். தோசைக்கல்லுக்கும் வாணலிக்கும் அது வந்தது பிற்பாடு, 1950களில்.

இன்று இந்தியாவிலேயே, குஜராத்தின் தஹேஜில் இந்தத் தூள் தயாராகிறது. தொடக்கம் ஃப்ளூர்ஸ்பார் என்ற கனிமம். அதில் கந்தக அமிலம் சேர்த்து ஹைட்ரஜன் ஃப்ளூரைடு எடுக்கிறார்கள். அதைக் குளோரோஃபார்மோடு சேர்த்தால், பழைய ஏ.சி.களில் இருந்த ஆர்-22 வாயு. அதைக் கடுமையாகச் சுட்டால் பிளங்கெட்டின் வாயு, கோத்தால் தூள். தூளில் பெட்ரோலிய எண்ணெய் கலந்து பிசைந்து, அழுத்திக் கம்பியாக இழுத்து, உருளைகளுக்கு நடுவே கொடுத்து நாடாவாக்கி, எண்ணெயை உலர்த்திவிட்டால் டேப். வாணலிப் பூச்சைச் சூளையில் சுடுவார்கள்; டேப்பைச் சுடுவதில்லை. அதனால்தான் அது இழுத்தால் நீள்கிறது, விரல் பட்டாலே நசுங்குகிறது. சென்னைப் பாரிமுனையின் செம்புதாஸ் தெரு போன்ற மொத்தக் கடைத் தெருக்கள் வழியாக அது நம் தெருமுனை ஹார்டுவேர் கடைக்கு வந்து தொங்குகிறது.

டேப் வருவதற்கு முன்பு சணலும் பெயிண்டும்தான். மரையில் சணல் நூலைச் சுற்றிப் பெயிண்ட் தடவி முடுக்குவார்கள். தண்ணீர் பட்டதும் சணல் ஊதி அடைத்துக்கொள்ளும். நல்ல வேலைதான், ஆனால் கைபழக வேண்டும், நாளானால் சணல் மக்கும், கழற்றப் போனால் பிடிவாதம் செய்யும்.

டேப் வேலை செய்யும் விதமே வேறு. அரை அங்குல ஜி.ஐ. பைப்பின் முனையில் அங்குலத்துக்கு 14 மரை. அந்த முனை லேசான கூம்பு: 16 மில்லிமீட்டர் நீளத்துக்கு 1 மில்லிமீட்டர் குறுகும். எவ்வளவு முடுக்கினாலும் மரையின் உச்சிக்கும் எதிர்ப்பள்ளத்துக்கும் நடுவே சுருள் சுருளாக ஒரு சந்து மிஞ்சும். தண்ணீர் அதன் வழியே ஏறி வரும். டேப்பின் வழுவழுப்பால் ரெஞ்ச் இன்னும் அரைச் சுற்று கூடுதலாகப் போகிறது. போகப் போக டேப் நசுங்கி அந்தச் சந்தை நிரப்புகிறது. அதில் பசை கிடையாது. இரண்டு மரைகளுக்கு நடுவே நெரிபடுவதுதான் அதன் பலம்.

கைதேர்ந்தவர் செய்வதைக் கவனியுங்கள். முதலில் ஹேக்ஸா பிளேடு நுனியால் பழைய டேப்பைப் பள்ளம் பள்ளமாகச் சுரண்டுவார். துணியால் ஈரத்தைத் துடைப்பார். முனையில் ஒரு மரையை விட்டுவிட்டு, பைப்பின் வாய் தன்னைப் பார்த்திருக்க, கடிகார முள் போகும் திசையில் இழுத்துச் சுற்றுவார். அப்போதுதான் முடுக்கும்போது டேப் அவிழாமல் இறுகும். முதல் மரையிலும் சுற்றினால் பிசிறு தண்ணீரோடு போய்க் குழாய் வாய்ச் சல்லடையில் சிக்கும். முடுக்கிய பின் ஆங்கிள் காக் கோணலாக நின்றால் பின்னால் திருப்ப மாட்டார். நசுங்கியது மீண்டும் எழாது. கழற்றி, புது டேப் சுற்றி, மறுபடி முடுக்குவார். பிளாஸ்டிக் ஃபிட்டிங் என்றால் இன்னும் நிதானம்: சுற்று அதிகமாகி முரட்டுத்தனமாக முடுக்கினால் உள்மரை பிளந்துவிடும்.

இவ்வளவும் தெரிந்தால் நாம் அவசரத்தில் செய்யும் காரியம் ஏன் பலிப்பதில்லை என்பது புரியும். விரிசல் விட்ட பைப்பின்மேல் அரைச் சுருளையும் சுற்றுகிறோம். மாடித் தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் கீழே சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம். வெளியிலிருந்து நெரிக்க எதுவும் இல்லாத டேப்பைத் தண்ணீர் சுலபமாகத் தள்ளிவிடும். விரிசலுக்கு மருந்து அந்தத் துண்டை அறுத்தெடுத்துக் கப்ளிங் போடுவதுதான்.

டேப்புக்குச் சாவும் கிடையாது. சுரண்டிப் போட்ட துணுக்கு மண்ணில் மக்காது; குப்பையோடு எரித்தால் நச்சுப்புகை. அதைத் தயாரிக்க நெடுங்காலம் உதவிய பி.எஃப்.ஓ.ஏ. என்ற ரசாயனம் நீரிலும் மனித ரத்தத்திலும் தங்குவது தெரிந்து, 2019இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அதை ஒழிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. சிக்கனமாகச் சுற்ற இதுவும் ஒரு காரணம்.

வீட்டிலும் கடையிலும் ஒரு சுருள் இருக்கட்டும். ஆனால் பாயும் தண்ணீரில் டேப் சுற்ற எந்தப் பிளம்பராலும் ஆகாது. முதலில் மொட்டைமாடி கேட் வால்வை மூடியாக வேண்டும். வருஷக்கணக்கில் தொடாத வால்வு அவசரத்துக்கு அசையாது. டேப் வாங்கும் அன்றே மாடிக்குப் போய் அதை ஒருமுறை மூடித் திறந்து பார்த்துவிடுங்கள்.