பெட்டி ஒன்றுதான், துறைமுகம்தான் வேறு

நவி மும்பையில் குடியிருப்பவர்களுக்குக் கண்டெய்னர் லாரி என்றாலே எரிச்சல்தான். நாவா ஷேவா துறைமுகத்துக்குப் போகும் சாலையில் மாட்டிக்கொண்டால் முன்னாலும் பெட்டி, பின்னாலும் பெட்டி. நானும் பல வருடம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் போய் வந்தேன். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பொருளாளர் பொறுப்பு என் தலையில் விழுந்த பிறகுதான் கண்டெய்னர் மேல் ஒரு மரியாதை வந்தது.

பேங்கில் வேலை பார்க்கிறவனைப் பிடித்துப் பொருளாளர் ஆக்குவது எல்லா ஊர்ச் சங்கத்திலும் உள்ள வழக்கம். கணக்கைப் புரட்டினால் மாதாமாதம் டாலரில் ஒரு பில். உறுப்பினர் பட்டியல், பொங்கல் விழா டிக்கெட், பிள்ளைகளின் தமிழ் வகுப்புப் பதிவு, இந்த மூன்றுக்கும் சேர்த்து ஒரு செயலி இருக்கிறது. 2019-ல் அதை எழுதிக் கொடுத்த தம்பி கனடா போய்விட்டார். வருடத்தில் இரண்டு மூன்று வாரம் உழைக்கிற செயலிக்குப் பன்னிரண்டு மாதமும் முழு வாடகை.

தம்பிக்குப் போன் போட்டேன். "கண்டெய்னர்லதான் அங்கிள் இருக்கு, எங்க வேணா தூக்கிட்டுப் போகலாம்" என்றார். எங்கே என்று கேட்டதும் நாலைந்து பெயர் சொன்னார். ஒன்றும் விளங்கவில்லை. பி.காம். படித்தவனுக்குத் தெரிந்த ஒரே வழி, எதையும் பழைய லெட்ஜரிலிருந்து பார்த்துக்கொண்டு வருவது. அப்படிப் பார்த்த கதைதான் இது. கணினித் துறை மக்கள் தப்பிருந்தால் திருத்துங்கள்.

முதலில் இரும்புப் பெட்டி.

1956 ஏப்ரல் 26-ம் தேதி 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் அமெரிக்காவின் நெவார்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்கு 58 பெட்டிகளோடு கிளம்பியது. ஏற்பாடு செய்தவர் மால்கம் மெக்லீன், லாரிக் கம்பெனி முதலாளி. மூட்டை மூட்டையாக ஆள் வைத்து ஏற்றினால் டன்னுக்கு 5.86 டாலர் ஆன கூலி, பெட்டியாக ஏற்றியபோது 16 சென்ட்டுக்கு இறங்கியது என்பது கப்பல் துறையில் எல்லோரும் சொல்லும் கணக்கு.

அடுத்த நாளே உலகம் மாறிவிடவில்லை. மெக்லீன் கம்பெனியின் பெட்டி 35 அடி நீளம். பசிபிக் பக்கம் ஓடிய மேட்சன் கம்பெனியின் பெட்டி 24 அடி. ஒருவர் பெட்டியை இன்னொருவர் கிரேன் தூக்காது. 1960-களில் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு உட்கார்ந்து பேசி 20 அடி, 40 அடி என்று அளவுகளை முடிவு செய்தது. பெட்டியின் மூலையில் கிரேன் கொக்கி மாட்டுகிற இரும்பு வார்ப்புக்கான காப்புரிமையை மெக்லீன் கம்பெனி மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்தது. எந்தத் துறைமுகத்திலும் எந்தப் பெட்டியையும் இறக்கலாம் என்ற நிலை அதற்கப்புறம்தான் வந்தது. நம் சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னருக்கென்றே முனையம் திறந்தது 1983-ல். நாவா ஷேவா 1989-ல். ஆக, பெட்டியால் வந்த லாபத்தில் பெரும்பங்கு, அந்த மூலைக் கொக்கியில் எல்லோரும் ஒத்துப்போனதால் வந்தது.

இனி மென்பொருள் பெட்டி.

எழுதியவரின் கணினியில் ஓடும் நிரல் வேறு கணினியில் ஓடாமல் மக்கர் செய்வது இந்தத் தொழிலின் பழைய வியாதி. தனக்கு வேண்டிய துணை நிரல்களையெல்லாம் நிரலோடு சேர்த்தே கட்டி, தனியறையில் பூட்டியது மாதிரி ஓடவிட்டால் என்ன என்ற யோசனையும் பழையதுதான். 1979-ல் யூனிக்ஸில் 'சிஎச்ரூட்', 2000-ல் ஃப்ரீபிஎஸ்டியில் 'ஜெயில்', 2008-ல் லினக்ஸ் கருவுக்குள் 'சிகுரூப்ஸ்' என்று ஒவ்வொரு சுவராக எழும்பியது. கடைசியில் சொன்னதை ஆரம்பித்தவர்கள் கூகிள் பொறியாளர்கள்.

2013 மார்ச்சில் டாட்கிளவுட் என்ற சிறு நிறுவனத்தின் சாலமன் ஹைக்ஸ் ஒரு பைத்தான் மாநாட்டில் ஐந்தே நிமிடப் பேச்சில் 'டாக்கர்' என்பதைக் காட்டினார். சுவர்கள் ஏற்கெனவே இருந்தவைதான். கட்டுவதையும் அனுப்புவதையும் சாதாரண நிரலாளர் கைக்கு எட்ட வைத்ததுதான் டாக்கரின் வெற்றி. அதன் சின்னமே முதுகில் பெட்டிகளைச் சுமக்கும் திமிங்கிலம். 2015 ஜூனில் போட்டி நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து பெட்டியின் வடிவத்துக்குப் பொதுத் தரம் வைக்க ஓர் அமைப்பை உண்டாக்கின. மென்பொருள் பெட்டிக்கும் மூலைக் கொக்கி கிடைத்துவிட்டது.

பெட்டி தயார். ஆனால் எந்தப் பெட்டியை எந்தக் கணினியில் வைப்பது, ஒன்று விழுந்தால் யார் தூக்கி நிறுத்துவது? அங்கேதான் சண்டை ஆரம்பித்தது.

கூகிள் 2014 ஜூனில் 'குபர்னெட்டிஸ்' என்பதை இலவசமாக வெளியிட்டது. கிரேக்கத்தில் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள். அதே வருடம் நவம்பரில் அமேசான் 'ஈசிஎஸ்' என்ற சொந்தச் சேவையை அறிவித்தது. டாக்கரிடம் 'ஸ்வார்ம்' இருந்தது. 'மெசாஸ்' என்று இன்னொரு கோஷ்டி. 2016 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் தன் கண்டெய்னர் சேவையை முழுமையாகத் திறந்தபோது அதில் இருந்த தேர்வுகள் ஸ்வார்மும் மெசாஸும்தான். குபர்னெட்டிஸ் அதில் முழுமையாகச் சேர்ந்தது 2017-ல். அந்த வருடம் அக்டோபரில் டாக்கர் நிறுவனமே குபர்னெட்டிஸையும் சேர்த்துக்கொள்வதாக அறிவித்தது. 2018 ஜூனில் அமேசானும் மைக்ரோசாஃப்ட்டும் தங்கள் குபர்னெட்டிஸ் சேவைகளைப் பொதுப் பயனுக்குத் திறந்தன. கூகிள் 2015-லேயே திறந்திருந்தது. மைக்ரோசாஃப்ட்டின் முதல் கண்டெய்னர் சேவை 2020 ஜனவரியோடு மூடப்பட்டது.

2016-ல் நன்றாக விசாரித்து, ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுத்தவர்களும் நாலே வருடத்தில் இடம் மாற வேண்டி வந்தது. அவர்கள் முட்டாள்கள் இல்லை. பெட்டி அப்படியே இருந்தது, சுக்கான்தான் மாறியது. பெட்டியைச் சுத்தமாகக் கட்டி வைத்திருந்தவர்களுக்குச் சேதம் குறைவு. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குபர்னெட்டிஸ் இல்லாததெல்லாம் செத்துப் போகவில்லை. அமேசானின் ஈசிஎஸ் இன்றும் ஓடுகிறது. அதில் மேலாண்மைக்குத் தனிக் கட்டணம் கிடையாது, கணினி வாடகை மட்டும்தான்.

கட்டணம் என்றதும் எனக்குத் தூக்கம் கலைந்துவிட்டது :-)

அமேசானின் குபர்னெட்டிஸ் சேவைக்கு ஆரம்பத்தில் மணிக்கு 20 சென்ட். 2020 ஜனவரியில் 10 சென்ட்டாகக் குறைத்தார்கள். அதுவரை அந்தக் கட்டணம் வாங்காமல் இருந்த கூகிள், அதே வருடம் ஜூனில் 10 சென்ட் வாங்க ஆரம்பித்தது. பத்து சென்ட் என்ன பிரமாதம் என்று தோன்றும். மாதத்துக்கு 730 மணி நேரம், 73 டாலர். உள்ளே ஒரு பெட்டிகூட இல்லாவிட்டாலும் இது உண்டு. கணினி வாடகை தனி. பணத்தைவிடப் பெரிய செலவு ஒன்று இருக்கிறது. குபர்னெட்டிஸ் வருடத்துக்கு மூன்று பதிப்பு வெளியிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஆதரவு சுமார் 14 மாதம்தான். யாராவது ஒருவர் உட்கார்ந்து மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் சங்கத்தில் அந்த ஒருவர் இப்போது டொரன்டோவில் இருக்கிறார்.

இதற்கு மாற்றாக வந்தது இன்னொரு வகை. 2017 நவம்பரில் அமேசானின் 'ஃபார்கேட்', 2019-ல் கூகிளின் 'கிளவுட் ரன்', 2022-ல் மைக்ரோசாஃப்ட்டின் 'கண்டெய்னர் ஆப்ஸ்'. பெட்டியைக் கொடுத்தால் போதும், கணினியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஃபார்கேட்டில் பெட்டி ஓடும் நேரத்துக்குக் காசு. மற்ற இரண்டிலும் யாரும் வராவிட்டால் பெட்டியைப் பூஜ்யத்துக்கே இறக்கி வைக்கலாம். பிறகு முதலில் வருபவர் சில நொடி காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

குபர்னெட்டிஸ் என்பது டிரைவர் வைத்துக் கார் வைத்திருப்பது. தினமும் பத்து இடம் போகிறவருக்கு அதுதான் லாபம். பொங்கலுக்கும் சித்திரைத் திருநாளுக்கும் மட்டும் வெளியே கிளம்புகிறவருக்கு மீட்டர் ஆட்டோ போதும்.

சரி, கிளம்பலாம் என்று பார்த்தபோதுதான் அசல் விஷயம் தெரிந்தது. மேகக் கணினியில் தகவலை உள்ளே கொண்டு போக வழக்கமாகக் காசு இல்லை. வெளியே எடுக்கத்தான் காசு. எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் முன்கூட்டி அடைக்கும் கட்டணம். மாறும் வட்டி வீட்டுக் கடனைத் தனிநபர் முன்கூட்டியே அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-ல் சொல்லும்வரை நாங்களும் இதைத்தான் செய்துகொண்டிருந்தோம். மேகத்திலும் காற்று திரும்புகிறது. 2024 ஜனவரியில் கூகிளும் மார்ச்சில் அமேசானும் மைக்ரோசாஃப்ட்டும், ஒரேயடியாக விலகிப் போகிறவர்களுக்கு இந்தக் கட்டணத்தைச் சில நிபந்தனைகளோடு விலக்கின. ஐரோப்பாவில் இதையும் கட்டுப்படுத்தும் ஒரு சட்டம் 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இங்கே, வங்கிகள் தகவல் தொழில்நுட்ப வேலையை வெளியே கொடுப்பது பற்றிய ரிசர்வ் வங்கியின் 2023-ம் வருட வழிகாட்டுதலும், வெளியேறும் திட்டம் ஒன்றைக் கையில் வைத்திரு என்றது.

ஆனால் கட்டணம் போனால் மட்டும் கதவு திறந்துவிடாது. எங்கள் பெட்டியை வேறிடத்தில் ஓடவிட ஒரு மதியம்தான் ஆனது. பெட்டிக்கு வெளியே இருந்தவைதான் படுத்தின. உள்ளே நுழையும் கடவுச்சொல் ஏற்பாடும் படங்களைச் சேர்த்து வைக்கும் இடமும் அந்த ஒரு நிறுவனத்துக்கென்றே எழுதியவை. போதாததற்குக் கணக்கே தம்பியின் சொந்த மின்னஞ்சலில் இருந்தது. அவர் நல்ல பிள்ளை, பொறுமையாக எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தார். மூன்று வார இறுதிகள் போயின. அவர் போன் எடுக்காதவராக இருந்திருந்தால்?

அந்தப் பட்டியல் வெறும் பெயர் வரிசை இல்லை. 2020 ஊரடங்கில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, இங்கே தனியாக இருந்த பெரியவர்கள் யார் யார், யாருக்கு எந்த மருந்து என்று பார்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தது அதை வைத்துத்தான். அதைத் தொலைத்திருந்தால் எந்த நிறுவனத்தையும் நான் குறை சொல்லியிருக்க முடியாது.

இப்போது செயலி மீட்டர் ஆட்டோவில் ஓடுகிறது. டேட்டாபேஸ், எங்கும் கிடைக்கிற சாதாரண போஸ்ட்கிரெஸ். அதற்கு மட்டும் மாத வாடகை உண்டு. கணக்கு சங்கத்தின் மின்னஞ்சலில், செயலாளரிடமும் என்னிடமும் சாவி. மாதம் ஒரு முறை பட்டியலின் நகல் எங்கள் இருவர் வீட்டிலும். எந்த நிறுவனம் என்று சொல்லப் போவதில்லை. இன்னும் நாலு வருடத்தில் அது மாறலாம்.

உங்கள் ஊர்ச் சங்கத்தின் பட்டியல் யார் பேரில் இருக்கிறது? இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு, பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.