கால் நகம் உருமாறுதல்: காரணங்களும் சிகிச்சையும்

கால் நகம் தடிப்பதையும், நிறம் மாறுவதையும், சதைக்குள் புதைவதையும் பலர் அழகுக் குறையாக மட்டுமே கருதுகின்றனர். இவற்றுள் பெரும்பாலானவை ஆபத்தற்றவை. ஆனால் காரணம் அறியாமல் மருந்திட்டால் பயன் கிட்டாது. நீரிழிவு உள்ளவர்களுக்குச் சிறு நகப்புண்ணும் விரலை இழக்கும் நிலையை உண்டாக்கக்கூடும்.

முக்கியக் காரணங்கள்

• பூஞ்சைத் தொற்று: நகம் மஞ்சள் அல்லது பழுப்பு நிறமாகித் தடித்து, நுனி பொடிந்து உதிரும். நகச்சொத்தை எனப்படுவது பெரும்பாலும் இதுவே. எனினும் உருமாறிய நகங்களில் ஏறத்தாழப் பாதியே பூஞ்சையால் ஏற்படுபவை.
• அடியும் அழுத்தமும்: இறுக்கமான காலணி அணிவதாலும், விரலில் அடிபடுவதாலும் நகம் தடிக்கும், வளையும்.
• உள்வளர் நகம்: நகத்தின் ஓரத்தை ஆழமாக வெட்டுவதால், அது வளரும்போது சதையில் குத்தும். பெருவிரலிலேயே மிகுதியாகக் காணப்படும்.
• பிற நோய்கள்: சொரியாசிஸ் நோயில் நகத்தில் சிறு குழிகள் தோன்றலாம். இரும்புச்சத்துக் குறைவால் நகம் கரண்டி போல் குழியலாம்.
• முதுமை: பராமரிப்பின்றி விடப்படும் நகம் ஆட்டுக்கொம்பு போல் தடித்து வளையக்கூடும்.

சிகிச்சை முறைகள்

பூஞ்சைத் தொற்றுக்கு மாத்திரை தொடங்கும் முன் நகத்துணுக்கைப் பரிசோதித்து உறுதி செய்தல் வேண்டும். டெர்பினாஃபின் மாத்திரை பொதுவாக 12 வாரங்கள் அளிக்கப்படுகிறது. இது கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்பதால் இரத்தப் பரிசோதனை தேவை. மருந்துக்கடையில் நீங்களாகவே வாங்கி உட்கொள்ளாதீர்கள். கால் நகம் முழுமையாகப் புதிதாக வளர 12 முதல் 18 மாதங்கள் ஆகும். எனவே மாற்றம் உடனே தெரியவில்லை என்று சிகிச்சையை இடையில் நிறுத்த வேண்டாம்.

உள்வளர் நகம் தொடக்க நிலையில் இருந்தால், வெதுவெதுப்பான நீரில் 10 முதல் 15 நிமிடங்கள் காலை ஊறவைத்து, ஈரம் போகத் துடைப்பது வலியைக் குறைக்கும். மீண்டும் மீண்டும் வந்தால், விரலை மரத்துப்போகச் செய்து நகத்தின் ஓரப்பகுதி மட்டும் அகற்றப்படும். அப்பகுதி மறுபடி வளராதிருக்க அதன் வேரில் மருந்து இடப்படும்.

நீரிழிவு உள்ளவர்கள் கவனத்திற்கு

உணர்ச்சி குறைந்த காலில் காயம் பட்டாலும் வலி தெரியாது. ஆகவே,

• நாள்தோறும் பாதங்களையும் விரலிடுக்குகளையும் பாருங்கள்.
• காலை வெந்நீரில் ஊறவைக்காதீர்கள்.
• பிளேடு கொண்டு நக ஓரங்களைத் தோண்டாதீர்கள்.
• சிறு புண் ஆயினும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

உடனே மருத்துவரை அணுக வேண்டிய அறிகுறிகள்

• சீழ், பரவும் சிவப்பு அல்லது காய்ச்சல்
• விரல் குளிர்ந்து கருத்தல்
• அடிபடாமலே நகத்தில் தோன்றி அகலமாகும், அல்லது அருகிலுள்ள தோலிலும் பரவும் கருங்கோடு. இது அரிதாகத் தோல் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம்.

தடுக்கும் வழிகள்

நகத்தை நேராக வெட்டுங்கள். மிகக் குட்டையாக வெட்டாதீர்கள். நகவெட்டியைப் பிறருடன் பகிராதீர்கள். விரல் நுனியை அழுத்தாத காலணியை அணியுங்கள். கால் கழுவியபின் விரலிடுக்குகளை உலர்த்துங்கள். ஐயம் இருப்பின் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுங்கள்.